இரசவாதம், பற்பம், தீநீர்: வீட்டில் மருந்து செய்ய விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சித்த மருந்துச் செய்முறை பற்றிப் பேசப் போகும் இடமெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் எழுகின்றன. படுவான்கரை விவசாயியும் கேட்கிறார், கல்முனைப் பாடசாலை ஆசிரியையும் கேட்கிறார், காத்தான்குடியில் யுனானி மருந்து விற்கும் குடும்பத்து இளைஞரும் கேட்கிறார். வாய்வழியாகப் போகும்போது அளவுகள் திரிந்துவிடுகின்றன. மருந்தில் அளவு திரிந்தால் ஆபத்து. அதனால் எழுதி வைக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீயையும் நீரையும் நேரத்தையும் அளந்து கையாளும் பழக்கம்தான் இரசவாதிகள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அது நம் வீட்டு அடுப்பிலும் பயன்படும். இரசம் என்ற பாதரசத்துக்கும் பாஷாணம் என்ற நச்சுக் கனிமங்களுக்கும் அந்த அடுப்பில் இடம் கொடுக்கக் கூடாது.

இரசவாதம் என்றால் பொன் செய்வதா, மருந்து செய்வதா?

இரண்டும்தான். தாழ்ந்த உலோகத்தை உயர்ந்த உலோகமாக்குவது ஒரு கிளை. அழியும் உடலை உறுதியாக்குவது மற்றக் கிளை. ஒன்றில் வென்றவன் மற்றதிலும் வெல்வான் என்று நம்பினார்கள். சித்தர் மரபு வாதம் (இரசவாதம்), வைத்தியம், யோகம், ஞானம் என நான்கையும் ஒரே வரிசையில் வைத்தது. சீனத்திலும் அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இதே இரட்டை ஆசை இருந்தது. ஜாபிர் இப்னு ஹையான் என்ற பெயரில் வழங்கும் அரபு நூல்கள் வடித்தலையும் பதங்கமாதலையும் விரிவாகப் பேசுகின்றன. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரசெல்சஸ், இந்தக் கலையின் வேலை பொன் செய்வதல்ல, மருந்து செய்வதே என்று வாதாடினார். எந்தப் பொருளும் நஞ்சாவதும் ஆகாததும் அளவைப் பொறுத்தது என்று எழுதியவரும் அவரே.

இன்றைய இரசாயன ஆய்வுகூடத்தில் நிற்கும் வாலையும் (வடிகலம்) மூசையும் (உலோகம் உருக்கும் கிண்ணம்) கல்வமும் (மருந்து அரைக்கும் குழிக்கல்) இவர்கள் கையில் பழகியவைதான். அந்த வகையில் எனக்கு இவர்கள் மீது பெரிய மதிப்பு உண்டு.

செம்பைப் பொன்னாக்க முடியுமா?

அடுப்பால் முடியாது. பொன்னின் அணுவில் 79 புரோத்தன்கள், இரசத்தில் 80, செம்பில் 29. மூலிகைச் சாறும் புடத்தீயும் அணுக்களின் சேர்க்கையை மாற்றும். அணுவின் கருவைத் தொடாது. 1941இல் அமெரிக்காவில் விஞ்ஞானிகள் இரசத்தை நியூத்திரன்களால் தாக்கிப் பொன் உண்டாக்கியது உண்மை. அது கதிர்வீசிச் சிதையும் பொன், தாலிக்கு ஆகாது.

நம் ஊர்களுக்கு வந்து "ஒரு பவுனைக் கொடுங்கள், பத்துப் பவுனாக்கித் தருகிறேன்" என்பவர்களின் வித்தை மிகப் பழையது. 1722இலேயே ஜோஃப்ருவா என்ற இரசாயனர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இந்தத் தந்திரங்களை வரிசையாக அம்பலப்படுத்தினார்: உள்ளே குடைந்து பொன்தூள் நிரப்பி மெழுகால் அடைத்த கோல், இரட்டை அடி கொண்ட மூசை. கோலால் கிளறும்போது மெழுகு உருகும், பொன் இறங்கும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை மஞ்சளாக மின்னும், அதையும் காட்டி ஏமாற்றுவார்கள். பணம் கொடுக்கும் முன் பொற்கொல்லரிடம் உரைத்துப் பாருங்கள்.

சாகாமருந்து, காயகற்பம் எல்லாம் பொய்யா?

சாவை நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. அதைத் தேடியதன் விலையைச் சீன வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. தாங் அரச வம்சத்தின் பேரரசர்கள் பலர், நீண்ட ஆயுளுக்கென்று உண்ட இரச, பாஷாண மருந்துகளாலேயே நோயுற்று இறந்தார்கள். அதே தேடலின் நடுவில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் ஒரே கலத்தில் சேர்ந்து வெடிமருந்து பிறந்தது.

கற்பம் என்ற பெயரில் நம்மிடம் இன்னொன்றும் இருக்கிறது: காலையில் இஞ்சி, மதியத்தில் வேர்க்கொம்பு (சுக்கு), மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் எடுக்கும் ஒழுங்கு. இஞ்சியின் தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்கிவிட்டு எடுக்க வேண்டும். இது செரிமானத்தையும் மலச்சிக்கலையும் சீராக்கும். நூறு வயது தரும் என்று நான் சொல்ல மாட்டேன். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இஞ்சியும் வேர்க்கொம்பும் எரிச்சல் தரும். கர்ப்பிணிகள் கடுக்காயைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் எவற்றைச் செய்யலாம்? எவற்றைச் செய்யக் கூடாது?

சித்த மருத்துவம் உள்மருந்தை 32 வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பட்டியலோடு ஒவ்வொன்றின் ஆயுளும் சேர்ந்தே வருகிறது. சாறு, குடிநீர் (கஷாயம்), கற்கம் (அரைத்த விழுது) ஆகியவை ஒரு சாமம், அதாவது மூன்று மணித்தியாலம். சூரணம் மூன்று மாதம். மணப்பாகு, நெய், இளகம் ஆறு மாதம். எண்ணெய், மாத்திரை, தீநீர் (ஆவியாக்கி வடித்தெடுத்த நீர்) ஒரு வருடம். அதன் பிறகு, பெரும்பாலும் உலோகத்தையும் உப்பையும் தீயில் ஆவியாக ஏற்றியும் சுட்டும் செய்யும் பதங்கம், செந்தூரம், பற்பம், சுண்ணம் என்று ஆயுள் பத்து, எழுபத்தைந்து, நூறு, ஐந்நூறு வருடங்களாக ஏறிக்கொண்டு போகும்.

என் வரையறை எளிது. ஒரு வருடத்துக்குள் கெட்டுப்போகும் மருந்துகளில் மூலிகையால் ஆனவற்றை வீட்டில் செய்யுங்கள். நூறு வருடம் இருக்கும் மருந்தை வீட்டில் தொடாதீர்கள். கெடாமல் இருப்பது பெரும்பாலும் உலோகமும் உப்பும் பாஷாணமும்தான். உடம்புக்குள் போனாலும் அவற்றில் சில வெளியேறாமல் தங்கிவிடும்.

குடிநீரை எவ்வளவு வற்றக் காய்ச்ச வேண்டும்? வேர்க்கொம்பு மல்லியைக்கூட அளந்துதான் போட வேண்டுமா?

தடிமனுக்கு வீட்டில் வைக்கும் மல்லித் தண்ணீருக்குக் கையளவு போதும். மருந்தாகக் கொடுக்கும்போது அளக்க வேண்டும். ஒரு பலம் என்பது 35 கிராம். ஒரு பலம் சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, பதினாறு பங்கு நீரில், அதாவது 560 மில்லிலீற்றரில் போட்டு, எட்டில் ஒன்றாக, 70 மில்லிலீற்றராக வற்ற வைப்பது ஒரு முறை. எட்டுப் பங்கு நீர் விட்டு நாலில் ஒன்றாக்குவது இன்னொரு முறை. இரண்டிலும் கடைசியில் வருவது அதே 70 மில்லிலீற்றர்தான். சரக்கு தீயில் இருக்கும் நேரம்தான் வேறு. வேரும் பட்டையும் நீண்ட நேரம் கேட்கும், இலையும் பூவும் கேட்காது.

"எட்டில் ஒன்று வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?" என்பதுதான் அடுப்படியில் நிற்பவரின் உண்மையான கேள்வி. சட்டியில் முதலில் 70 மில்லிலீற்றர் நீரை மட்டும் விடுங்கள். சுத்தமான ஈர்க்கு ஒன்றை நேராக அடிதொட நிறுத்தி, நீர் நனைத்த இடத்தில் நகத்தால் கீறுங்கள். பிறகு மீதி நீரையும் சரக்கையும் சேர்த்துக் காய்ச்சுங்கள். காய்ச்சக் காய்ச்ச அதே ஈர்க்கை அதே இடத்தில் விட்டுப் பார்க்கலாம். சரக்கு நீரைக் குடித்து ஊதியிருப்பதால் சட்டியைச் சற்றுச் சாய்த்து வடித்து அளந்தும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மூடாமல், சிறு தீயில். புளிப்பும் துவர்ப்பும் உள்ள சரக்குக்கு மண்சட்டி அல்லது துருப்பிடிக்காத எஃகு. அலுமினியமும் வெள்ளீயம் பூசாத செம்பும் ஆகாது. புளிப்பு அவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

காலையில் வைத்த குடிநீரை இரவில் சூடாக்கிக் குடிப்பது நம் வீடுகளில் சாதாரணம். நம் வெக்கையில் அது நொதிக்கத் தொடங்கிவிடும். மூன்று மணி நேரம் என்ற பழைய கணக்கு நம் காலநிலைக்கு மிகச் சரியானது.

மருந்தெண்ணெய் பதம் வந்துவிட்டதை எப்படி அறிவது?

கற்கம் ஒரு பங்கு, எண்ணெய் நான்கு, சாறு அல்லது குடிநீர் பதினாறு. பொன்னாங்காணி எண்ணெயானாலும் நொச்சி எண்ணெயானாலும் இந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம். முதலில் சாறு கொதிக்கும் ஓசைதான் கேட்கும். நீர் வற்ற வற்ற ஓசை மெலிந்து, எண்ணெயில் நுரை எழும். அந்த நேரத்தில் அகப்பைக் கணையில் ஒட்டும் கற்கத்தைக் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டுங்கள். விரலில் பிசுபிசுவென்று அப்பினால் இன்னும் நீர் இருக்கிறது. மெழுகுபோல் திரிந்து திரியாக வந்தால் மெழுகு பதம். உருட்ட முடியாமல் மணலாக உதிர்ந்தால் மணற் பதம். திரியாக வந்ததை நெருப்பில் போட்டுப் பாருங்கள்: சடசடவென்று வெடித்தால் நீர் போகவில்லை, அமைதியாக எரிந்தால் இறக்கலாம். நீர் நின்ற எண்ணெய் ஒரு மாதத்தில் சிக்கு வாடை வீசும்.

தீநீர் வடிப்பதற்கு வாலை இல்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல ஆசை. இரசவாதிகளின் கைவேலையில் வீட்டுக்கு நேராக இறங்கக்கூடியது இதுதான். யுனானியில் அரக் என்பதும் நம் தீநீரும் ஒரே செய்முறை. காத்தான்குடி, ஏறாவூர்க் கல்யாண வீடுகளில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும் இப்படி வடித்து எடுப்பதுதான்.

கனமான அடியுள்ள எஃகுப் பானை ஒன்று, அதன் மேல் கவிழ்த்து வைக்கக்கூடிய குமிழ் மூடி ஒன்று, உள்ளே நிற்கும், அரை லீற்றர் கொள்ளும் ஒரு கிண்ணம். ஓமம் 100 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, ஒன்றரை லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் பானையின் நடுவில் ஒரு சிறு முக்காலி அல்லது கழுவிய கல்லை வைத்து, ஊறிய ஓமத்தை நீரோடு சுற்றி ஊற்றுங்கள். நீர் மட்டம் கல்லின் தலைக்குக் கீழே நிற்க வேண்டும். கல்லின் மேல் கிண்ணம். மூடியைத் தலைகீழாக, குமிழ் கிண்ணத்தை நோக்கித் தொங்கும்படி வைத்து, மூடியின் குழிவில் குளிர்ந்த நீரை விடுங்கள். பானைக்கும் மூடிக்கும் இடையிலான விளிம்பை அரிசிமாக் களியால் அடையுங்கள்.

பழைய முறைப்படி சீலைமண்ணால் (களிமண் தோய்த்த துணியால்) இறுக்கி அடைக்க வேண்டாம். சீலைமண் காய்ந்தால் கல்லாகும். நீராவி போக வழியில்லாவிட்டால் பானை வெடிக்கும். மாக்களி அழுத்தம் கூடும்போது ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கும், உங்கள் முகத்தைக் காப்பாற்றும்.

தீ சிறியதாக இருக்கட்டும். நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு, குமிழ் வழியாக ஓடி, ஒவ்வொரு துளியாகக் கிண்ணத்தில் விழும். மேலே உள்ள நீர் சூடேறினால் அகப்பையால் அள்ளிவிட்டுப் புதிய நீர் ஊற்றுங்கள். பனிக்கட்டி இருந்தால் இன்னும் நல்லது. மூடி சூடாகிவிட்டால் மணம் எல்லாம் விளிம்பு வழியே வீட்டுக்குள் போய்விடும். வாசல்வரை ஓமம் மணத்தால் கிண்ணத்தில் குறைவு என்று அர்த்தம். அரை லீற்றர் சேர்ந்ததும் நிறுத்துங்கள், பானை அடி காய விடக் கூடாது. கிண்ணத்து நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதுதான் தைமோல் நிறைந்த ஓம எண்ணெய், வயிற்று உப்புசத்தைத் தணிப்பது அதுவே. ஆறியதும் கொதிநீரில் கழுவிக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, இருட்டில் வையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதே அளவு வெந்நீரோடு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வீட்டில் வடித்ததைக் கொடுக்க வேண்டாம்.

இதைக் கண்டு பொலிஸ் வந்தால்? கசிப்புக் காய்ச்சுவதும் இதே மாதிரித்தானே?

கருவி ஒன்றுதான், பொருள் வேறு. மூலிகையை நீரோடு வடித்தால் அதில் மது இல்லை. சீனியும் ஈஸ்ட்டும் போட்டு நொதிக்க வைத்ததை வடித்தால் அது கசிப்பு. அனுமதியின்றிச் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். மூலிகையை மதுவில் ஊறவைத்து வடிக்கும் ஐரோப்பிய முறையைப் படித்துவிட்டுச் செய்ய நினைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எரியும் ஆவி, திறந்த அடுப்பு, அதோடு மெதனோல் கலந்த மது என்றால் கண்பார்வை போகும், உயிரும் போகும். மதுவை வடிக்கும் செய்முறை எதையும் நான் கற்பிப்பதில்லை.

அரிஷ்டத்தில் மது இருக்கிறதா? முஸ்லிம்கள் அருந்தலாமா?

இருக்கிறது. அரிஷ்டமும் ஆசவமும் தாதகிப்பூவும் வெல்லமும் சேர்த்து நொதிக்க வைத்துச் செய்பவை. தானாக விளையும் மது 12 வீதம் வரை போகலாம். தசமூலாரிஷ்டம் குடிக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். அனுமதி பற்றிய தீர்ப்பு உலமாக்களுடையது. மருந்து அளவில் என்னிடம் கேட்டால், அதே சரக்குகளைக் குடிநீராகவோ சூரணமாகவோ கொடுக்கலாம் என்று சொல்வேன். அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் நோயாளிகள் கூச்சத்தால் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள். குடியை விட்டவர்களும், ஈரல் நோயாளிகளும் கட்டாயம் கேட்க வேண்டும்.

சங்கு பற்பம், சிப்பிச் சுண்ணம் ஆகியவற்றைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியால் செய்யலாமா? புடம் போடுவது அவ்வளவு கடினமா?

சங்கு, சிப்பி, பலகறை எல்லாம் அடிப்படையில் கல்சியம் காபனேற்று. அகலில் வைத்து, மற்றொரு அகலால் மூடி, ஏழு சீலைமண் செய்து, வறட்டி அடுக்கி எரிப்பதுதான் புடம். காடைப்புடத்துக்கு ஒரு வறட்டி போதும்; கசபுடத்துக்கு நூற்றுக் கணக்கில் வேண்டும், நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறும். வெப்பம் 850 பாகை செல்சியசைத் தாண்டினால் சிப்பியிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அதற்குக் கீழே நின்றால் வெள்ளைப் பொடியாக நொறுங்கும் காபனேற்றாகவே இருக்கும். முன்னது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், பின்னது சாதுவானது. இரண்டும் வெள்ளைத் தூள்தான். வெப்பமானி இல்லாத வறட்டிக் குவியலில் எது வந்தது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

பழைய சோதனைகள் இருக்கின்றன: விரல் ரேகைக்குள் புகுந்துவிடும் நுண்மை, நீரில் தூவினால் மிதப்பது, மினுக்கம் இன்மை, சுவையின்மை. அவை தூளின் நுண்மையையும் உலோகம் உலோகமாக மிஞ்சியிருக்கிறதா என்பதையும் ஓரளவு சொல்லும். ஈயமும் ஆசனிக்கும் கலந்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

பவளப்பாறையை உடைத்துப் பற்பம் செய்யும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அது சட்டவிரோதம். கல்குடா, பாசிக்குடாப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளம் எடுத்த காலத்தின் காயம் கடலுக்கு இன்னும் இருக்கிறது.

இரசத்தைச் சுத்தி செய்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்கிறார்களே?

போகாது. செங்கல் தூளோடும் மஞ்சளோடும் அரைப்பது இரசத்தில் கலந்த ஈயம், வெள்ளீயம் போன்ற அழுக்கைக் குறைக்கும். இரசம் இரசமாகவே நிற்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்துக் கருமையாக்கினால் இரச சல்பைட்டு உண்டாகிறது. லிங்கம் என்ற சிவப்புக் கனிமமும் அதே பொருள்தான். அது நீரில் மிகக் குறைவாகவே கரையும், குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவதும் குறைவு. முன்னோர்கள் இரசத்தை ஏன் எப்போதும் கந்தகத்தால் கட்டினார்கள் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம், அவர்கள் கூர்மையாகக் கவனித்தவர்கள். ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. வாரக் கணக்கில் உண்டால் சிறுநீரகத்தில் சேரும். கட்டுப்படாமல் மிஞ்சிய இரசம் எவ்வளவு என்பது செய்தவரின் கையைப் பொறுத்தது.

செய்பவருக்கு வரும் ஆபத்து இன்னும் பெரிது. இரசம் 357 பாகையில் கொதிக்கும். அறை வெப்பத்திலேயே மணமும் நிறமும் இன்றி ஆவியாகும். லிங்கத்தைச் சூடாக்கினால் இரச ஆவி பிரிந்து வரும். மூடிய குசினியில் ஒருவர் பதங்கம் ஏற்றினால் அடுத்த அறையில் உறங்கும் குழந்தையின் நுரையீரலுக்கு அது போகிறது. கை நடுக்கம், ஈறு வீக்கம், எரிச்சல் குணம், மறதி என்று மெல்லத் தொடங்கும். வெள்ளைப்பாஷாணம், தாளகம், மனோசிலை மூன்றும் ஆசனிக்குச் சேர்மங்கள். வீரம் என்ற இரசக் குளோரைட்டு குடலை அரித்துக் கொல்லும். இவற்றில் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

2008இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்தது. உலோகம் சேர்த்துச் செய்யும் வகையில் அது 40 வீதத்தைத் தாண்டியது. வெறும் மூலிகை என்று விற்றவற்றிலும் ஆறில் ஒன்றில் இருந்தது. இதைச் சொன்னால் நம் துறையில் சிலர் கோபிக்கிறார்கள். நோயாளிக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமல் மரபைக் காப்பாற்ற முடியாது என்பதே என் எண்ணம்.

எங்கள் ஊர்ப் பரிசாரியார் மூன்று தலைமுறையாகச் செந்தூரம் கொடுக்கிறார். அவரை நம்பலாமா?

மரியாதையோடு கேளுங்கள்: "ஐயா, இதில் என்ன சரக்கு? எத்தனை நாள் எடுப்பது? பத்தியம் என்ன?" நல்ல பரிசாரியார் மூன்றுக்கும் பதில் சொல்வார், சிறுநீரக நோய் உண்டா என்று அவரே உங்களைக் கேட்பார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை வைத்தியர்களும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெறுகிறார்கள். பதிவைக் கேட்பது அவமதிப்பு அல்ல. பட்டம் பெற்றவர்களை நாடுவதும் இன்று எளிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள்.

சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள் இரசமோ பாஷாணமோ ஈயமோ சேர்ந்த எந்த மருந்தையும் யார் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மருந்துப் பொட்டலத்தையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மூலிகையை எப்போது பறிப்பது, எப்படி உலர்த்துவது? எந்தச் செடியில் கவனம் வேண்டும்?

மார்கழி, தை மாரியில் உலர்த்தப் போனால் பூஞ்சணம்தான் மிஞ்சும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் நமக்குக் கிடைத்த வரம். நிழலில் பாயில் பரப்பினால் இலை நிறம் மாறாமல் காயும். காம்பை மடித்தால் வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். வயலோரம் பறிக்காதீர்கள், நெல்லுக்கு அடித்த மருந்து இலையில் இருக்கும். பெருந்தெருவோரமும் வேண்டாம்.

ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாதவை. இரண்டிலும் உள்ள அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது. பழைய ஏட்டில் இருந்தாலும் இன்று விடவேண்டியதை விட வேண்டும். கார்த்திகைக் கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணி அவித்து உண்டு இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. எடைக்கல்லாகப் பயன்பட்ட குன்றிமணியின் பருப்பு மிகக் கொடியது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்காதீர்கள்.

பாம்புக்கடிக்கும் டெங்குக்கும் மருந்து செய்ய முடியுமா?

முடியாது. நாகமோ புடையனோ கடித்தால் கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, விஷமுறிவு ஊசி உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். டெங்கில் பப்பாசி இலைச் சாறு குடித்தபடி வீட்டில் காத்திருந்து நாள் கடத்துகிறார்கள். காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மல்லிக் குடிநீர் தாகத்துக்கு நல்லது, அவ்வளவே.

ஆங்கில மருந்தோடு சேர்த்து எடுக்கலாமா?

இரு வைத்தியர்களிடமும் சொல்லிவிட்டு எடுங்கள். அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டி, இரத்தத்தில் பொற்றாசியத்தைக் குறைக்கும். பாகற்சாறு நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம்.

தாத்தாவின் வாகட ஏடு வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து மருந்து செய்யலாமா?

பார்த்துப் படிக்கலாம், பார்த்தவுடன் செய்யக் கூடாது. இரசவாதப் பாடல்கள் வேண்டுமென்றே மறைத்து எழுதப்பட்டவை. உப்பு என்று இருக்கும் இடத்தில் கறியுப்பும் இருக்கலாம், உவர்மண்ணில் பூக்கும் பூநீறும் இருக்கலாம், குரு வாய்வழியாக மட்டும் சொன்ன வேறொன்றும் இருக்கலாம். முப்பு என்று இரசவாதிகள் மறைத்துச் சொன்ன உப்பு எது என்பதில் ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை. ஒரே மூலிகைப் பெயர் மண்டூரில் ஒரு செடி, பொத்துவிலில் இன்னொரு செடி. எடையும் சிக்கல்தான்: குன்றிமணி 130 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், ஒன்றை மற்றதாக வாசித்தால் அளவு முப்பது மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

ஏட்டைக் கழுவாதீர்கள், வெயிலில் போடாதீர்கள், பொலித்தீனில் சுற்றாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, கறையான் ஏறாத உயரத்தில், காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு ஓலையையும் இரு பக்கமும், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து, சாய்ந்த பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எழுத்தாணிக் கீறல் அப்போதுதான் தெளியும். நூலகம் நிறுவனம் போன்றவை ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்தி வருகின்றன. ஏட்டைக் கைவிடாமலே படியைக் கொடுக்கலாம். விற்கச் சொல்லி வருபவரிடம் ஒற்றை ஓலையையும் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரு முறைக்குரிய அளவு ஓர் ஓலையிலும் பத்தியம் அடுத்த ஓலையிலும் இருக்கும்.